மூச்சை ஆளும் நரம்புகளை உங்கள் உடலிலேயே அவதானிப்பது எப்படி?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சுவாசக் கட்டுப்பாட்டைக் கொப்பியில் படமாக வரைந்து மனனம் செய்கிறார்கள். அதே வேலை தங்கள் நெஞ்சுக்குள் நடந்துகொண்டிருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. செக்கன் முள்ளுள்ள மணிக்கூடு, ஒரு கதிரை, கூடப் படிக்கும் நண்பர் ஒருவர் ஆகியவை இருந்தால் வீட்டு விறாந்தையிலேயே அதைப் பார்க்கலாம். முட்டு வருத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் மூச்சை அடக்கும் பகுதியைச் செய்யக் கூடாது.

முதலில் நண்பரை ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கவிட்டு, நாடித்துடிப்பு எண்ணுபவர்போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவருடைய நெஞ்சு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டால் அவருடைய கவனமே தாளத்தை மாற்றிவிடும். ஏனெனில், பெருமூளை விரும்பும்போது சுவாசத்தில் தலையிட முடியும். வளர்ந்தவரிடம் பெரும்பாலும் 12 முதல் 20 வரை எண்ணுவீர்கள். இந்தத் தாளம் முண்ணாணுக்குச் சற்று மேலுள்ள மூளைப் பகுதியான நீள்வளைய மையவிழையத்தில் பிறக்கிறது. அங்கிருந்து புறப்படும் நரம்புச் செய்திகளான கணத்தாக்கங்கள், கழுத்தின் 3ஆம், 4ஆம், 5ஆம் முண்ணாண் நரம்புகளிலிருந்து உருவாகும் நரம்பின் வழியே, நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டையும், நெஞ்சுப்பகுதி நரம்புகளின் வழியே விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள பழுவிடைத் தசைகளையும் சென்றடைகின்றன.

அடுத்தது மூச்சடக்கம். கதிரையில் சாய்ந்திருந்து, வழமைபோல மூச்சை வெளியே விட்டபின் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையை நெஞ்செலும்பின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். சில செக்கன்கள் ஒன்றும் நடக்காது; பின்னர் உள்ளங்கையின் கீழ் வயிறு, நீங்கள் கேட்காமலே, ஒருமுறை வெட்டி இழுக்கும். அந்தச் செக்கனைக் குறித்துக்கொண்டு உடனே மூச்சு விடுங்கள். போட்டிபோட்டு நீட்டிப்பதில் பயனில்லை, நாம் தேடியது அந்த இழுப்பைத்தான்.

அதை உண்டாக்கியது ஒட்சிசன் குறைவு என்றே பலர் எழுதுகிறார்கள். உண்மையில் முதன்மைக் காரணம் காபனீரொட்சைட்டு தேங்குவது. அது குருதியிலிருந்து மூளையைச் சூழ்ந்த பாய்பொருளுக்குள் புகுந்து ஐதரசன் அயன்களைக் கூட்ட, மையவிழையத்தின் மேற்பரப்பை அண்டியுள்ள இரசாயன வாங்கிகள் தூண்டப்படுகின்றன. நுரையீரலிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவே ஓய்வுநிலைச் சுவாசத்தை நிர்ணயிக்கிறது என்பதை உடற்றொழிலியலாளர்களான ஹோல்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் காட்டினார்கள். ஒட்சிசனை உணரும் வாங்கிகள் கழுத்து நாடிகளின் கிளையிடத்திலும் பெருநாடி வில்லிலும் உள்ளன; இவற்றின் பங்கைக் கண்டறிந்த ஹேமான்ஸ் 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் நாடிக் குருதியில் வழமையாக 100 மில்லிமீற்றர் இரசம் அளவிலுள்ள ஒட்சிசன் அழுத்தம் ஏறத்தாழ 60க்குக் கீழே இறங்கினால்தான் அவை மூச்சைப் பலமாக முடுக்கும்.

பிறகு முற்றத்தைச் சுற்றி இரண்டு நிமிடம் ஓடிவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். ஓடத் தொடங்கிய கணத்திலேயே மூச்சுக் கூடியிருக்கும்; குருதி மாறுவதற்கு முன்பே மூளையின் இயக்கப் பகுதியும் மூட்டுகளும் செய்தி அனுப்பிவிடுகின்றன.

வேகமாக மூச்சிழுத்துவிட்டு அடக்கிப் பார்க்கும் பரிசோதனையைச் செய்யவே வேண்டாம். கீரிமலைக் கேணியில் பாய்வதற்கு முன் படியில் நின்று நாலைந்து தரம் பலமாக இழுத்துவிடும் பொடியன்களைக் கண்டு பதறியிருக்கிறேன். அப்படி இழுக்கும்போது ஒட்சிசன் பெரிதாகக் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் வெளியேறிவிடுகிறது. வயிற்றை இழுக்கும் அந்த எச்சரிக்கை பிந்துகிறது. அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து, மூச்சு முட்டும் உணர்வே வராமல், தண்ணீருக்கடியில் நினைவு தப்பிவிடும். ஆகவே மூச்சடக்கும் பரிசோதனையைத் தரையில் கதிரையில் இருந்தே செய்யுங்கள். கேணியில் இறங்கும் நாளில், வழமையான மூச்சோடு மட்டும் மூழ்குங்கள், ஒருவரைப் படியில் நிறுத்தி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.