மோசல் கரையில் வீடு எடுக்கும் முன்

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில், கோஹம் பக்கத்தில் ஒரு சிற்றூருக்குச் செவிலியர் வேலைக்கு வந்து நான்கு வருடமாகிறது. நம் பிள்ளைகள் இன்னும் சிலர் இந்தப் பக்கம் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பதிவு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை, சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத வாடகைதான். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு; அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. இதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள்.

எனக்கு யாரும் சொல்லாதது கெல்லரைப் பற்றி. வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

நான் திருவையாற்றுக்காரி. ஆற்றில் தண்ணீர் வந்தால் எங்களுக்குத் திருவிழா. சமையலறை ஜன்னலில் ஆறு தெரிந்ததும் அந்தத் தரைத்தள வீட்டை உடனே பிடித்துப் போட்டேன். வாடகையும் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டிருக்க வேண்டும். மோசலில் பெருக்கு ஆடியில் வருவதில்லை, பெரும்பாலும் மார்கழி, தையில்தான். பிரான்சின் வோஜ் மலையில் பனி உருகி, கூடவே மழையும் விடாமல் பெய்தால் ஆறு ஏறும். 1993 டிசம்பரில் கோஹமில் 10 மீட்டரைத் தாண்டியது. பழைய வீட்டுச் சுவர்களில் வருடம் போட்டு கோடு செதுக்கியிருப்பார்கள். எங்கள் தெருமுனையில் 1993 கோடு என் தலைக்கு மேலே இருக்கிறது.

முதல் ஜனவரியிலேயே பட்டேன். இரவுப் பணிக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, கீழே கையைக் காட்டி என்னவோ வேகமாகச் சொன்னார். ‘கெல்லர்’ என்பது மட்டும் புரிந்தது. ஆறு இன்னும் சாலைக்குக் கீழேதானே இருக்கிறது என்று போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் சாலை காய்ந்து கிடக்கிறது, கெல்லரில் இடுப்பளவு தண்ணீர். வாசல் வழியாக வரவில்லை. தரையில் இருக்கும் வடிகால் ஓட்டையிலிருந்து குமிழியிட்டுக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. அம்மா கொடுத்தனுப்பிய கிரைண்டர் மூழ்கிவிட்டது. சூட்கேஸில் இருந்த சான்றிதழ்கள் அப்பளமாவு போலக் கையோடு வந்தன. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் என் பெயர் நீல மையாகக் கரைந்து ஓடியிருந்தது.

சரி, காப்பீடு இருக்கிறதே என்று நினைத்தேன். வீட்டுச் சாமான்களுக்கான ஹவுஸ்ராட் காப்பீட்டை எனக்கு விற்றவர் “தண்ணீர் சேதமும் சேர்த்தி” என்று சொல்லியிருந்தார். பத்திரத்தில் இருந்த சொல் ‘லைட்டுங்ஸ்வாசர்’. அதாவது குழாய்த் தண்ணீர். குழாய் வெடித்தால் பணம் உண்டு, ஆறு வந்தால் இல்லை, வடிகால் எதிர்த்து வந்தாலும் இல்லை. ஒரு பைசா கிடைக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் கேட்க வேண்டிய சொல் ‘எலமெண்டார்’. வெள்ளமும் வடிகால் எதிர்ப்பும் இந்தக் கூடுதல் பிரிவில்தான் வரும். இரண்டும் எழுத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறு ஏறத் தொடங்கிய பிறகு சேர்த்துப் பயனில்லை, பெரும்பாலும் காத்திருப்புக் காலம் உண்டு. முகவரியை வைத்து வெள்ள ஆபத்தை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். நான்காம் வகுப்பு என்றால் பத்து வருடத்துக்கு ஒரு முறையாவது வெள்ளம் எதிர்பார்க்கும் இடம். அங்கே காப்பீடு கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் விலை கடிக்கும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்த முகவரிக்கு விலை கேளுங்கள். சொல்லும் தொகையே வாடகை ஏன் குறைவு என்று காட்டிவிடும்.

அப்புறம், கார் வாங்கினால் டைல்காஸ்கோ என்ற கூடுதல் காப்பீட்டை எடுங்கள், அதில் வெள்ளம் சேரும். மற்றவர்களுக்கு நம் காரால் வரும் சேதத்துக்கான கட்டாயக் காப்பீட்டில் சேராது. போனில் நீனா என்ற பேரிடர் எச்சரிக்கைச் செயலியைப் போடுங்கள்; கோஹம் நீர்மட்டத்தோடு ட்ரியர் ஊரின் நீர்மட்டத்தையும் பாருங்கள். ட்ரியர் ஆறு வரும் திசையில், நமக்கு மேலே இருக்கிறது, அங்கே ஏறினால் அடுத்து நமக்கு. ட்ரியர் ஏறுகிற அன்று பாட்டி இப்போதும் தட்டுகிறார். நான் அதற்கு முன்பே அவருடைய உருளைக்கிழங்கு மூட்டைகளை மேலே தூக்கி வைத்திருப்பேன்.