நாலு போர்ஷன் வீடு வாங்கும் முன் தெருவைப் பார்ப்பது எப்படி?

வாடகைக்கு விடவென்றே போர்ஷன் வீடு தேடுகிறவர்கள் வீட்டைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். டைல்ஸ் நன்றாக இருக்கிறதா, வாசல் கிழக்கா, மாடிப்படி உள்ளேயா வெளியேயா. சரி, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே குடியிருக்கப்போவது வேறு நாலு குடும்பங்கள். அவர்கள் ஏன் அந்தத் தெருவுக்கு வருவார்கள், எதனால் காலி செய்வார்கள் என்பது தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. நான் அதிகம் அலைந்தது மேற்குத் தாம்பரம் பக்கம் என்பதால் அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

படி 1: யார் குடிவருவார்கள்?

தாம்பரத்தில் கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயில் இருக்கிறது. சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், கிழக்கே கிறிஸ்தவக் கல்லூரி, குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறந்தார்கள். மெப்ஸில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குச் சின்ன போர்ஷன் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டு படுக்கையறை வேண்டும். வந்தால் வருஷக் கணக்கில் இருப்பார்கள். நீங்கள் பார்க்கும் வீட்டின் அளவும் அந்தப் பகுதியில் வேலை பார்க்கும் ஆட்களும் ஒத்துப்போகிறார்களா என்று பாருங்கள். ‘ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்’ என்று ஒரு புரோக்கர் எனக்குக் காட்டிய வீட்டிலிருந்து நடந்து பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அவர் பைக்கில் போகிறவர்.

படி 2: தண்ணீர்

சென்னைப் புறநகரில் வீட்டைக் காலி செய்யவைக்கும் காரணங்களில் தண்ணீருக்குத்தான் முதலிடம் என்பேன். மழைக்காலத்தில் அதிகம், கோடையில் இல்லை. இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளங்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புறநகரில் பல தெருக்களில் மறுபடியும் தண்ணீர் நின்றது. நாலு போர்ஷனில் இரண்டு கீழே இருந்தால் உங்கள் வாடகையில் பாதி ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

‘இங்கே தண்ணி வருமா?’ என்று கேட்காதீர்கள். சொந்த வீடு வைத்திருக்கிற யாரும் வரும் என்று சொல்லமாட்டார்கள். ‘2015-ல் எதுவரைக்கும் வந்தது?’ என்று கேளுங்கள். கை தானாக முழங்காலையோ இடுப்பையோ காட்டும். பிறகு சுவர்களைக் கவனியுங்கள். மீட்டர் பெட்டியைக் கழற்றி ஆள் உயரத்துக்கு மேல் மாட்டியிருக்கிறார்களா? காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா? ரோட்டிலிருந்து வீட்டுக்குள் படி ஏறுகிறதா, இறங்குகிறதா? ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பள்ளத்துக்குப் போன பழைய வீடுகள் நிறைய உண்டு. விலை குறைவாகக் கிடைப்பதும் அவைதான்.

கோடைக்கு ஏப்ரல், மே மாதத்தில் காலை ஆறு மணிக்கு ஒருமுறை போங்கள். தண்ணீர் லாரிகள் எத்தனை நிற்கின்றன என்று எண்ணுங்கள். போர்வெல் எத்தனை அடி, தண்ணீர் உப்பா என்று குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருந்தால் கேட்கக்கூட வேண்டாம்.

ஊர்ப்பெயரும் பேசும். தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஏரிக்கரைத் தெரு, ஓடைத் தெரு என்று பெயர்ப்பலகை இருந்தால், ஏரியும் ஓடையும் இப்போது எங்கே என்று விசாரியுங்கள்.

படி 3: பதிவேடுகள்

இதை உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு, வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவும், நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேடும் பாருங்கள். நீர்நிலை, புறம்போக்கு என்றிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) தளத்தில் நிலப் பயன்பாடு குடியிருப்பா என்று தெரியும். பதிவுத் துறைத் தளத்தில் வழிகாட்டி மதிப்பும் (அரசு வைத்திருக்கும் நில மதிப்பு) வில்லங்கமும். பத்திரங்களை வக்கீல் பார்க்கட்டும்.

படி 4: மீட்டர் பலகையும் டு-லெட் போர்டும்

தெருவில் நடந்தபடியே ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை மின் மீட்டர் என்று எண்ணுங்கள். ஆறு மீட்டர் இருக்கும் வீட்டில் மாலை ஏழு மணிக்கு இரண்டில்தான் விளக்கு எரிகிறது என்றால் ஏதோ காரணம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் கிடைப்பதால், ‘தனி மீட்டரா?’ என்று கேட்காத வாடகைதாரர் இல்லை. டு-லெட் போர்டு புதிதாக இருந்தால் பரவாயில்லை. எழுத்து வெயிலில் வெளுத்திருந்தால் வீடு எவ்வளவு நாளாகக் காலி என்று ஊகிக்கலாம்.

யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் இஸ்திரி வண்டிக்காரரிடம் போங்கள். எந்த வீட்டில் ஆள் தங்குவதில்லை, எந்த ஓனரோடு தகராறு, எல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு சட்டை கொண்டுபோனால் நல்லது.

படி 5: கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு. விலை 1.6 கோடி. போர்ஷன் ஒன்றுக்கு 12,000 வீதம் நாலுக்கு மாதம் 48,000, வருஷத்துக்கு 5.76 லட்சம், அதாவது விலையில் 3.6 சதவீதம். ஒவ்வொரு போர்ஷனும் வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடந்து, வெள்ளையடிப்பு, மோட்டார், சொத்து வரி என்று இன்னொரு மாத வாடகை போனால் கையில் 4.8 லட்சம், 3 சதவீதம். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் தெருவில் இது இன்னும் இறங்கும்.

படி 6: வாடகைக்கு வருகிறவராகப் போன் செய்யுங்கள்

அதே தெருவில் மூன்று டு-லெட் எண்களுக்குக் கூப்பிடுங்கள். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், பைக் நிறுத்த இடம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எத்தனை பேர், எங்கே வேலை?’ என்று ஓனர் உங்களைக் குடைந்தால் அவருக்கு ஆள் வரத்து இருக்கிறது. நீங்கள் கேட்பதற்கு முன்பே, ‘ஆயிரம் குறைச்சுக்கலாம், வந்து பாருங்க சார்’ என்றால், மாலையில் அந்த இஸ்திரி வண்டிக்கு இன்னொரு முறை போய்வாருங்கள்.