நிழலை அளந்து அஸர் (பிற்பகல் தொழுகை) நேரம் காண்பது: பள்ளிவாசலில் ஒரு குடும்ப நிகழ்ச்சி

பள்ளிவாசலில் சிறுவர் நிகழ்ச்சி என்றாலே வினாடி வினாவும் பேச்சுப் போட்டியும்தான் என்றாகிவிட்டது. மனப்பாடம் செய்த பிள்ளை பரிசு வாங்கும், மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். அதைவிட, சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணை எப்படி வந்தது என்று அவர்களே வெயிலில் நின்று கண்டுபிடிக்கட்டும். 7 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது. வெள்ளிக்கிழமை வேண்டாம்; ஜும்ஆ கூட்டத்தில் முற்றம் கிடைக்காது.

நாலைந்து பேருக்கு ஒரு கோல் போதும். தரையிலிருந்து நுனிவரை சரியாக 50 செ.மீ. இருக்க வேண்டும். மணல் வாளியில் நடாதீர்கள். உச்சி நேரத்து நிழல் வாளிக்குள்ளேயே விழுந்துவிடும். மெல்லிய பலகையில் ஆணியடித்து நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தா என்று பாருங்கள். தரை மட்டமா என்பதற்கு ரசமட்டம். கணக்குத் தப்புவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

அட்டவணையில் உள்ள லுஹர் (நண்பகல் தொழுகை) நேரத்துக்கு அரை மணி முன்பே தொடங்கி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நிழல் குறுகிக்கொண்டே வந்து, பிறகு நீளத் தொடங்கும். மிகக் குறுகிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நீளத் தொடங்கியதும் லுஹர் நேரம் வந்துவிட்டது.

இனி அஸர். அந்தக் குறுகிய நிழலோடு கோலின் உயரத்தைக் கூட்ட வேண்டும். குறுகிய நிழல் 12 செ.மீ. என்றால், ஷாஃபி மத்ஹபின்படி (மத்ஹப் என்பது மார்க்கச் சட்டப் பிரிவு) 62 செ.மீ.; ஹனஃபியில் இரு மடங்கு உயரம் சேர்வதால் 112 செ.மீ. கோலின் அடியை மையமாக வைத்து, நூலில் சாக்பீஸைக் கட்டி இரண்டு வளைவுகளையும் வரைந்துவிடுங்கள். நிழல் நுனி முதல் வளைவைத் தொட்டால் ஷாஃபி அஸர், அடுத்ததைத் தொட்டால் ஹனஃபி அஸர். (சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில் உச்சி நிழலே இருக்காது; கணக்கு இன்னும் எளிது.)

இடையில் சில மணி நேரம் இருக்கிறது. பிள்ளைகளை வெயிலில் உட்கார வைக்காதீர்கள்: அரை மணிக்கு ஒருமுறை ஓடிவந்து புள்ளி வைத்தால் போதும். ஒரு சுற்றில் மினாராவின் உயரத்தையும் அளக்கலாம். கோலின் நிழல் 40 செ.மீ., மினாராவின் நிழல் 16 மீட்டர் என்றால் உயரம் 20 மீட்டர். மினாராவின் நிழலை அதன் அடித்தள நடுவிலிருந்து அளக்க வேண்டும், சுவரோரத்திலிருந்து அல்ல. பலரும் இங்கேதான் ஒன்றிரண்டு மீட்டரைத் தொலைப்பார்கள்.

கட்டட நிழல் எந்நேரம் எங்கே விழும் என்று முந்தைய நாளே பார்த்து வையுங்கள். மாலையில் கோலின் நிழல் கிழக்குப் பக்கம் நீளும், அங்கே 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும். மேகமூட்டம் என்றால் தள்ளிவைப்பதே நல்லது.

பிள்ளைகளின் நேரம் அட்டவணையிலிருந்து சில நிமிடங்கள் விலகும். நிழல் நுனி மங்கலாகத் தெரிவதும் ஒரு காரணம். பாங்கு அட்டவணைப்படிதான் சொல்லப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மோதினாரிடம் வழக்குப் போய்விடும்.