போக்சோ வழக்கில் தண்டனை எங்கே குறைகிறது?

கடலூரிலோ புதுச்சேரியிலோ போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் தீர்ப்பு வந்தால், மறுநாள் பேப்பரில் ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு நீதிபதியைப் புகழ்கிறோம் அல்லது திட்டுகிறோம். குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டமே கட்டிவைத்திருக்கிறது. அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. வழக்கு எந்தப் பிரிவில் நிற்கும் என்பதுதான் கேள்வி. அது பெரும்பாலும் புகார் எழுதும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

அதிகம் சறுக்குவது வயதில். 18 நிரம்பாதவர் என்று நிரூபித்தால்தான் போக்சோவே பொருந்தும். ஊடுருவல் பாலியல் தாக்குதலுக்குக் குறைந்தது 10 ஆண்டு; 16 வயதுக்குக் கீழே என்றால் குறைந்தது 20. 12 வயதுக்குக் கீழே என்றால் கடுங்குற்ற வகைக்குப் போய்விடும்: குறைந்தது 20 ஆண்டு, ஆயுள், அதிகபட்சம் தூக்கு. பிறந்த தேதியில் சில மாதம் முன்பின் ஆனாலே தண்டனை பாதியாகலாம். ஆனால் பலர் பள்ளி மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) நகலை மட்டும் இணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன யுவபிரகாஷ் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் டி.சி.யை வயதுச் சான்றாக ஏற்கவில்லை. போக்சோ தண்டனை ரத்தானது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு சொல்லும் வரிசை இது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அவை இல்லையென்றால் நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று, எதுவுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. கடலூர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறப்பு பதிவாவது பிறந்த இடத்தில். பிரசவம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நடந்திருந்தால் பதிவு புதுச்சேரி பக்கம்தான் இருக்கும். கடலூர் மாநகராட்சியில் தேடிவிட்டு 'பதிவே இல்லை' என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, புகாரில் உறவை விழுங்குவது. 'தெரிந்தவர்' என்று எழுதினால் சாதாரணப் பிரிவு. அவரே சித்தப்பா, பள்ளி ஊழியர், ஒரே வீட்டில் இருப்பவர் என்றால் கடுங்குற்றம். ஊடுருவல் இல்லாத பாலியல் தொடுகைக்கு 3 முதல் 5 ஆண்டு. இவர்கள் செய்தால் 5 முதல் 7. ஒரு தடவைக்கு மேல் நடந்திருந்தாலும் அதே ஏற்றம் உண்டு. மானத்துக்குப் பயந்து 'ஒரே ஒரு தடவை' என்று எழுதச் சொல்லும் பெரியவர்கள், குற்றவாளிக்குத் தண்டனையைக் குறைத்துக் கொடுக்கிறார்கள்.

நடந்த தேதியும் அப்படித்தான். மேலே சொன்ன 10, 20 ஆண்டுக் கணக்கு 2019 ஆகஸ்ட் 16 முதல் நடந்த குற்றங்களுக்கு. அதற்கு முன் நடந்ததற்குப் பழைய தண்டனைதான் (7 அல்லது 10 ஆண்டு முதல்). அரசியல் சாசனத்தின் 20(1) உறுப்பு அதைத் தாண்ட விடாது. குழந்தைக்குத் தேதி நினைவில்லையா? தீபாவளிக்கு முன்னா பின்னா, அப்போது எந்த வகுப்பு என்று கேட்டு எழுதுங்கள். தேதியை நாமே ஊகித்துப் போட்டால் குறுக்கு விசாரணையில் அதுவே ஓட்டையாகும்.

'எல்லை எங்களுடையது இல்லை' என்ற பேச்சு தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கும். கடலூர் மாவட்டம் ரெட்டிச்சாவடியில் நடந்ததைப் புதுச்சேரியின் பாகூரில் சொன்னாலும் எஃப்.ஐ.ஆர். போட்டு, பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பதிய மறுக்கும் போலீஸுக்கே 6 மாதம் வரை சிறை உண்டு. தன் ஊழியர் செய்தது தெரிந்தும் புகார் தராமல் மூடிவைக்கும் பள்ளித் தலைமைக்கு ஓராண்டு வரை.

ராஜி பேசுவது வீண் வேலை. பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் வழக்கு தானாக முடியாது. ஆசிரியர் மீதான வழக்கு ஒன்றைச் சமரசத்தின் பேரில் ரத்து செய்த ராஜஸ்தான் உயர் நீதிமன்ற உத்தரவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வாட்ஸ்அப்பில் குழந்தையின் பெயரையோ படத்தையோ போடுவதும் தனிக் குற்றம். 6 மாதம் முதல் ஓராண்டு சிறை. கோபத்தில் ஃபார்வர்டு செய்பவருக்கும் விலக்கு கிடையாது.

தீர்ப்பு வந்த பிறகும் குழப்பம் தீர்வதில்லை. 'மூன்று பிரிவில் 60 ஆண்டு' என்று செய்தி வரும். ஒவ்வொன்றுக்கும் 20 ஆண்டு கொடுத்து, 'ஏககாலத்தில்' (ஒரே நேரத்தில் அனுபவிக்க) என்ற சொல் இருந்தால் அது 20 தான். 'ஆயுள் என்றால் 14 வருஷம்' என்பதும் தவறு. போக்சோவில் கடுங்குற்றத்துக்கு ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறது.

தண்டனை போதாது என்று தோன்றினால் குடும்பமே மேல்முறையீடு செய்ய முடியாது. விடுதலை, குறைந்த பிரிவில் தண்டனை, குறைவான இழப்பீடு ஆகிய மூன்றுக்குத்தான் அந்த உரிமை. ஆண்டுகளைக் கூட்டக் கேட்க வேண்டியது அரசு. ஆகவே தீர்ப்பு நகலை உடனே வாங்கி, குறைந்தபட்சத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்று சிறப்பு அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் 10 ஆண்டை 7 ஆகக் குறைத்த வழக்கில், உத்தரப் பிரதேச அரசு மேல்முறையீடு செய்துதான் 2023-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி 10 ஆக்கியது.