உப்புக் காற்றில் நிற்கும் மரம்: பூசுவதற்கு முன் நடக்கும் பிழைகள்

திருகோணமலையில் உவர்மலையிலோ உப்புவெளியிலோ கடல் பார்த்த வீடு என்றால், காலையில் விறாந்தை யன்னல் நிலையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டும். அது வெறும் தூசி இல்லை, உப்பும் சேர்ந்தது. உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன் மேலேயே வார்னிஷ் பூசினால் ஈரத்தின் மேல் பூசியது போலத்தான்.

எங்கள் முன்கதவுக்கு அப்படித்தான் நடந்தது. பொங்கலுக்கு முதல் அவசரமாக ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பூசினோம். அடுத்த மாரி முடியும்போது கீழ்ப்பலகையில் வார்னிஷ் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. வார்னிஷைத்தான் குறை சொன்னோம். ஆனால் பிழை அதற்கு அடியில் இருந்தது.

சரி, கழுவுகிறோம். எந்தத் தண்ணீரில்? கடற்கரையோரக் கிணறுகள் பல சவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்த இடத்திலேயே திரும்ப உப்பை விடுகிறோம். கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

வாகனம் கழுவும் பிரஷர் மெஷினைக் கிட்டப் பிடித்து அடிப்பது இன்னொரு பிழை. மரத்தின் மென்மையான பகுதி அரிபட்டு நார் எழும்பிவிடும். நைலோன் பிரஷும் சவர்க்காரத் தண்ணீரும் போதும், மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். கம்பிப் பிரஷ் வேண்டாம். அதிலிருந்து முறியும் இரும்புத் துகள் துருப்பிடித்து, தேக்கில் கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும்.

கறுப்பாக இருப்பதெல்லாம் அழுக்கு என்று நினைக்காதீர்கள். ஒரு துளி பிளீச் விட்டு ஓரிரு நிமிடம் பாருங்கள். நிறம் வெளுத்தால் அது பூஞ்சணம், தேய்த்து மட்டும் போகாது. தண்ணீர் கலந்த பிளீச்சால் கழுவி, நன்றாக அலச வேண்டும். பிளீச்சோடு அமிலமோ அமோனியாவோ ஒருபோதும் சேரக்கூடாது, வரும் வாயு நஞ்சு.

வெயில் பட்டுச் சாம்பல் நிறமான மேற்பரப்பு செத்த நார். அதன் மேல் பூசினால் பூச்சு அந்த நாரோடு சேர்ந்தே கழன்றுவரும். 80ஆம் நம்பர் சான்ட் பேப்பரால் புது மரம் தெரியும்வரை தேய்த்து, 120இல் நிறுத்துங்கள். எண்ணெய்ப் பூச்சு என்றால் அதற்கு மேல் வழவழப்பாக்கக்கூடாது, மரம் குடிக்காது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதை நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும்.

அப்புறம் காய விட வேண்டும். கழுவிய அன்று பின்னேரமே பூசும் ஆட்கள் இருக்கிறார்கள். வெளியே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். இரண்டு மூன்று நல்ல வெயில் நாட்கள் விடுங்கள். எங்கள் ஊருக்கு மாசி, பங்குனிதான் தோதான காலம். மாரியில் மரம் காயாது, கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கும் நாளில் புழுதி வந்து ஒட்டும்.

கதவின் அடிவிளிம்பை யாரும் பார்ப்பதில்லை. பலகையை வெட்டிய முனைதான் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். கதவைக் கழற்றி அந்த முனைக்கு இரண்டு மூன்று தடவை பூசுங்கள்.

லின்சீட் ஒயில் (ஆளி விதை எண்ணெய்ப் பூச்சு) துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிறைந்த தகர வாளியில் அமிழ்த்தி வையுங்கள்.