பைபிள்ல 'கோட்டை', 'அரண்'னு வந்தா எப்படி படிக்கிறது

எங்க வீட்டு ஜெபக்கூட்டத்துல "அரண்கள் உடையட்டும்"னு சத்தம் போடாத வாரமே கிடையாது, நானும் சேர்ந்து போட்டிருக்கேன். ஒருநாள் ஒரு காலேஜ் பையன், "எந்த அரண் அங்கிள், யாரு கட்டுனது, உள்ள யாரு இருக்காங்க?"ன்னு கேட்டான், எனக்கு பதில் வரல. அதுக்கப்புறம் உக்காந்து தேடித்தேடி படிச்சு ஒரு முறை மாதிரி வச்சுக்கிட்டேன், அதைத்தான் இங்க எழுதுறேன். தனியா படிக்கவும் ஆகும், வேதபாடம் எடுக்குறவங்களுக்கும் ஆகும். ஒரு நோட்டு, ரெண்டு கலர் பென்சில், நம்ம பழைய மொழிபெயர்ப்பு பைபிள், அவ்ளோதான் தேவை.

முதல்ல வார்த்தைகளை பொறுக்குங்க. பழைய பைபிள்ல கோட்டை, அரண், துருகம், அலங்கம், மதில், உயர்ந்த அடைக்கலம்னு பல பேர்ல வரும், கோட்டைன்னு மட்டும் தேடுனா பாதி போயிடும். சங்கீதம் 18:2 ஒரே வசனத்துல கன்மலை, கோட்டை, துருகம், கேடகம், உயர்ந்த அடைக்கலம்னு அடுக்கிக்கிட்டே போகுது பாருங்க, அங்கிருந்து ஆரம்பிங்க. கர்த்தரே கோட்டைன்னு சொல்ற வசனத்துக்கு ஒரு கலர், மனுஷன் கட்டுன கோட்டைக்கு இன்னொரு கலர். ரெண்டு வாரம் பண்ணுனா போதும், சங்கீதம் பூரா ஒரு கலராவும் ராஜாக்கள் புத்தகம் பூரா இன்னொரு கலராவும் ஆகியிருக்கும்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. 18:2ல 'என் கோட்டை'ன்னு வர்ற இடத்துல எபிரேயத்துல இருக்குறது மெட்சூதாங்குற சொல். அதே மெட்சூதா சங்கீதம் 66:11ல வருது, அங்க நம்ம பைபிள்ல 'வலை'ன்னு போட்டிருக்கு! எசேக்கியேல் 12:13லயும் அதே சொல்தான், அங்க கண்ணி. அகராதியில ரெண்டையும் தனித்தனி சொல்லா பிரிச்சு காட்டுறவங்களும் உண்டு, ஆனா காதுக்கு ஒரே சத்தம்தானே. கோட்டைன்னாலும் மெட்சூதா, வலைன்னாலும் மெட்சூதா. சவக்கடல் பக்கம் ஏரோது பலப்படுத்துன மசாடா கோட்டை இருக்கே, அந்த பேரும் இதே வேர்ச்சொல்லோட சொந்தம்தான் (மசாடாங்குற பேர் பைபிள்ல கிடையாது, தாவீது இருந்த அரண் அதுதான்னு யாராவது அடிச்சு சொன்னா நம்பிடாதீங்க).

அதனால எந்த கோட்டை வந்தாலும் நான் கேக்குற முதல் கேள்வி, உள்ள இருக்குறவன் பத்திரமா இருக்கானா இல்ல மாட்டிக்கிட்டானாங்குறதுதான். இதுக்கு 1 சாமுவேல் 22, 23 ரெண்டு அதிகாரத்தையும் ஒரே மூச்சுல படிங்க, இடையில நிறுத்தாதீங்க. தாவீது, தன்னை கொல்லத் தேடுற சவுல் ராஜாவுக்கு பயந்து அதுல்லாம் குகைக்கு ஓடுறான், கடன்பட்டவன், மனக்கசப்புல இருக்குறவன்னு 400 பேர் வந்து சேர்றாங்க. அப்புறம் ஒரு அரணான இடத்துல இருக்கான், நல்ல பாதுகாப்பு, அப்ப காத் தீர்க்கதரிசி வந்து என்ன சொல்றாரு தெரியுமா, இங்க இருக்காதீங்க, யூதா தேசத்துக்கு கிளம்புங்கன்னு! சவுல் இருக்குற நாட்டுக்கே திரும்பிப் போன்னு அர்த்தம். அடுத்து கேகிலா. பெலிஸ்தர்கிட்டேர்ந்து அந்த ஊரை தாவீதே காப்பாத்திக் குடுக்குறான், அதுக்கு வாசலும் தாழ்ப்பாளும் எல்லாம் இருக்கு. சவுல் காதுக்கு போனதும் அவனுக்கு சந்தோஷம் தாங்கல, கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஊருக்குள்ள போய் அடைபட்டுக்கிட்டான், தேவன் என் கையில குடுத்துட்டாருன்னு சொல்றான். தாவீதுக்கு பாதுகாப்பா தெரிஞ்ச அதே மதில் சவுலுக்கு கூண்டா தெரியுது. தாவீது ஏபோத்தை (ஆசாரியர் போடுற உடுப்பு) கொண்டுவரச் சொல்லி கர்த்தர்கிட்ட கேக்குறான், இந்த ஊர்க்காரங்க என்னை பிடிச்சுக் குடுப்பாங்களான்னு, குடுப்பாங்கன்னு பதில் வருது, உடனே 600 பேரோட வெளியேறிடுறான். மதில் இல்லாத வனாந்தரத்துக்கு. இப்போ திரும்பி 18ம் சங்கீதத்தோட தலைப்பை பாருங்க, சவுலோட கைக்கு தப்புவிச்ச நாள்ல பாடுனதுன்னு போட்டிருக்கும். அத்தனை கோட்டையையும் குகையையும் பாத்துட்டு வந்தவன்தான் கர்த்தர் என் கோட்டைன்னு பாடுறான், அது தெரிஞ்சு படிச்சா அந்த பாட்டு வேற மாதிரி கேக்குது.

அடுத்தது இடத்தைப் பாருங்க, முக்கியமா தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. கோட்டை எவ்ளோ உசரமா இருந்தாலும் குடிக்க தண்ணி வேணும்ல. எருசலேம் எபூசியர்ங்குற பழைய ஊர்க்காரங்க கையில இருந்தப்போ குருடரும் சப்பாணியுமே உன்னை தடுத்துடுவாங்கன்னு தாவீதை கேலி பண்ணாங்க, 2 சாமுவேல் 5ல இருக்கு, தாவீது தண்ணி போற வழியப் பத்தித்தான் பேசுறான், சீயோன் கோட்டை அவன் கைக்கு வந்துடுது. பல நூறு வருஷம் கழிச்சு அதே ஊர்ல எசேக்கியா ராஜா, அசீரியா ராஜா சனகெரிப் வர்றான்னு தெரிஞ்சு, கீகோன் ஊத்துத் தண்ணிய பாறைய குடைஞ்சு ஊருக்குள்ள கொண்டு வந்தான். சுமார் 533 மீட்டர் சுரங்கம், இன்னைக்கும் முழங்கால் தண்ணியில டார்ச் புடிச்சுக்கிட்டு நடந்து போகலாம். ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வெட்டிக்கிட்டு வந்து நடுவுல சந்திச்சதா சொல்ற கல்வெட்டு 1880ல கிடைச்சது, இப்போ இஸ்தான்புல் மியூசியத்துல இருக்கு.

இவ்ளோ வேலையை பாத்து ஏசாயா தீர்க்கதரிசி பாராட்டியிருப்பாருன்னுதானே நினைப்பீங்க? ஏசாயா 22:8 முதல் 11 வரை படிங்க. வீடுகளை எண்ணிப் பாத்தீங்க, இடிச்சு மதிலை பலப்படுத்துனீங்க, ரெண்டு மதிலுக்கு நடுவுல குளம் கட்டுனீங்க, ஆனா அதை ஏற்படுத்துனவரை திரும்பிப் பாக்கலியேன்னு கேக்குறாரு. மதில் கட்டுனது தப்புன்னு சொல்லல, கவனிங்க. கி.மு. 701ல சனகெரிப் வந்தான், லாகீஸ்ங்குற யூதா பட்டணம் விழுந்துச்சு, அதை பிடிச்ச காட்சிய அவன் நினிவே அரண்மனை சுவர்ல செதுக்கி வச்சான், அந்த கல்லெல்லாம் இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அரணான 46 பட்டணத்தை பிடிச்சேன், எசேக்கியாவை கூண்டுக்குருவி மாதிரி எருசலேமுக்குள்ள அடைச்சேன்னு பெருமையா எழுதியும் வச்சிருக்கான். பிடிச்சேன்னு மட்டும் எழுத முடியல, ஏன்னா எருசலேம் விழலியே. எதிரியே சொல்றான் பாருங்க கூண்டுன்னு. சங்கீதம் 91ல 'என் கோட்டை'ன்னு சொன்ன அடுத்த வசனத்துலயே வேடனோட கண்ணிக்கு தப்புவிப்பாருன்னு வர்றதையும் இது பக்கத்துல குறிச்சு வச்சுக்கங்க.

எரிகோவை நான் இங்க அதிகம் இழுக்கல, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒண்ணே ஒண்ணு, இஸ்ரவேலோட வேவுகாரங்களை ஒளிச்சு வச்ச ராகாபோட வீடு மதில்மேலயே இருந்துச்சு, மதில் விழுந்தும் அவ பொழைச்சா.

இப்போ 2 கொரிந்தியர் 10:4, நாம கத்துற வசனம். இதை 5ம் வசனத்தோட சேக்காம படிக்கவே படிக்காதீங்க. அரண்களை நிர்மூலமாக்குறதுன்னு சொன்ன பவுல் அடுத்த வரியிலயே அது என்னன்னு சொல்லிடுறாரு, தர்க்கங்கள், தேவனை அறிகிற அறிவுக்கு விரோதமா எழும்புற மேட்டிமை, எண்ணம். ஊர் பிசாசு, தெரு பிசாசுன்னு அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. பிசாசோட போராட்டம் இல்லன்னு நான் சொல்லல, எபேசியர் 6 இருக்கு, ஆனா இந்த வசனம் பேசுறது மண்டைக்குள்ள நாமளே கட்டுன சுவரைப் பத்தி. கொரிந்து ஊருக்கு மேலயே அக்ரோகொரிந்துன்னு 575 மீட்டர் உசரத்துல மலைக்கோட்டை நிக்குது, பவுல் அந்த ஊர்ல ஒன்றரை வருஷம் இருந்தவரு, கடிதத்தை வாசிச்சவங்க ஜன்னலை திறந்தா கோட்டை தெரியும். அதோட நீதிமொழிகள் 21:22ஐயும் படிங்க, ஞானி பலவான்களோட பட்டணத்துல ஏறி அவங்க நம்புன பெலத்தை இடிப்பான்னு இருக்கும். அந்த வசனத்தோட பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல இருக்குற 'அரண்'ங்குற சொல்லத்தான் பவுலும் போடுறாரு, புதிய ஏற்பாட்டுலயே அந்த சொல் இந்த ஒரு இடத்துலதான் வருது. 'அவங்க நம்புன', அந்த வார்த்தைக்கு கீழ கோடு போடுங்க.

சரி, இதை நமக்கு எப்படி பாக்குறது. நோட்டுல ஒரு பக்கத்துல, பயமோ கோபமோ வர்றப்போ மனசு ஓடிப்போய் ஒளியுற வாக்கியத்தை அப்படியே எழுதுங்க, பாவம், பெருமைன்னு பொதுவா எழுதாதீங்க, அது ஒண்ணுக்கும் ஆகாது. என்னோடது "நான் இல்லன்னா இந்த வீடு ஓடாது". கேக்க நல்லா இருக்குல்ல? இருபது வருஷமா அதுக்குள்ளதான் பத்திரமா இருந்தேன், ஒருத்தரும் உள்ள வந்து கேள்வி கேக்க முடியாது, என் வீட்டுக்காரியும் பிள்ளைங்களும்கூட. ரெண்டாவது, பேங்க் எஃப்டி ரசீது. நீதிமொழிகள் 18:10ல கர்த்தரின் நாமம் பலத்த துருகம், 11ல ஐசுவரியவானுக்கு அவன் பொருள் அரணான பட்டணம், அது அவன் எண்ணத்துல உயர்ந்த மதில், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்காங்க, 'எண்ணத்துல'ங்குறத பாத்ததும் சிரிப்பு வந்துச்சு எனக்கு. எஃப்டியை உடைச்சிடுங்கன்னு சொல்லல, அவசரப்படாதீங்க.

எழுதுன வாக்கியத்துக்கு எதிர்ல ஒரு வசனம், அதுக்கு கீழ அந்த வாரம் செய்யப்போற ஒரு சின்ன காரியம். நான் செஞ்சது வீட்டுக் கணக்கு நோட்டை மககிட்ட குடுத்தது, முதல் மாசம் ராத்திரி தூக்கம் வரல. இடிச்சுட்டு வெறும் இடமா விட்டுடாதீங்க, தன் ஆவியை அடக்காதவன் மதிலிடிஞ்ச பட்டணம்னு நீதிமொழிகள் 25:28 சொல்லுது, கோபம் விஷயத்துல மதில் வேணும்.

கூட்டமா பண்றதா இருந்தா ஒரே ஒரு ரூல், அடுத்தவங்க அரண் என்னன்னு யாரும் கண்டுபிடிச்சு சொல்லக்கூடாது. நோட்டு மூடியே இருக்கட்டும், விருப்பப்பட்டவங்க மட்டும் வாசிக்கட்டும். முதல் வாரம் ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க. அப்போ 1 சாமுவேல் 23ஐ எடுத்து யாரையாவது சத்தமா வாசிக்கச் சொல்லிட்டு, கேகிலாவை விட்டு வெளிய வந்தப்போ தாவீதுக்கு எப்படி இருந்திருக்கும்னு கேட்டுட்டு சும்மா உக்காந்திருங்க, பேச ஆரம்பிப்பாங்க.