லாஸ்லெஸ் பாட்டுச் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாஸ்லெஸ், அதாவது அழுத்தினாலும் ஒலியில் எதுவும் இழக்காத வடிவில் பாட்டு சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது 16 பிட்டா, 24 பிட்டா (ஒலியை எவ்வளவு நுணுக்கமாக அளந்து சேமிப்பது) என்றுதான். ஆனால் ஒரு சேகரிப்பு பாழாவதற்கும் அந்தக் கேள்விக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை. பாட்டு எங்கிருந்து வந்தது, எத்தனை பிரதி இருக்கிறது, இருக்கிற பிரதி கெடாமல் இருக்கிறதா என்பவற்றைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஒலியின் ஒரு பகுதியை நீக்கிச் சுருக்கும் எம்பி3 கோப்பை, லாஸ்லெஸ் வடிவமான ஃப்ளாக்காக மாற்றிவிட்டுத் தரம் கூடிவிட்டதாக நினைப்பது மிகப் பழைய தவறு. ஃப்ளாக் தனக்குள் போட்டதை ஒரு பிட்கூடக் குறையாமல் திருப்பித் தரும். போட்டதே குறையுள்ளது என்றால் அந்தக் குறையையும் அப்படியே பத்திரமாகத் தரும். 4 நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3யில் 4 எம்பிகூட வராது. அதை ஃப்ளாக் ஆக்கினால் கோப்பு பல மடங்கு வீங்கும், காதுக்கு எதுவும் கூடாது.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது அசலா என்று சந்தேகமா? எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஓசை இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டுப் பாருங்கள். சிடியின் மாதிரி வீதம் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அதில் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை ஓசை இருக்க இடமுண்டு. 128 கேபிபிஎஸ் எம்பி3யிலிருந்து வந்த போலி ஃப்ளாக்கில் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு நேர்கோடு தெரியும், அதற்கு மேல் வெறும் கறுப்பு. இதைப் பார்த்தவுடன் பழைய பாட்டுகளை எல்லாம் போலி என்று அழித்துவிடாதீர்கள். பழைய டேப் பதிவுகளில் மேல் ஓசை இயல்பாகவே குறைவு. ஆனால் அது சரிவாக மங்கும், கோடு போட்டாற்போல நிற்காது. 320 கேபிபிஎஸ்ஸிலிருந்து வந்த போலியை இப்படிப் பிடிப்பது சிரமம். வெட்டு 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும், அங்கே சந்தேகத்தின் பலனைக் கொடுக்கத்தான் வேண்டும்.

எதிர்த்திசையில், ஃப்ளாக்கிலிருந்து சின்ன வடிவத்துக்கு, மாற்றுவதில் தவறில்லை. போனுக்கு ஏஏசி, ஓபஸ் என்று சின்னக் கோப்பு தேவைப்பட்டால் தாராளமாகச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் ஃப்ளாக்கிலிருந்தே செய்யுங்கள், எம்பி3யிலிருந்து ஏஏசிக்குப் போகாதீர்கள்.

அடுத்தது சிடியிலிருந்து பாட்டு எடுப்பது. டேட்டா சிடியை நகலெடுப்பதுபோல இதுவும் தானாகச் சரியாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டேட்டா சிடியில் ஒரு செக்டரின் (சிடி பிரிக்கப்படும் சிறு பகுதி) 2352 பைட்டில் 2048 மட்டும்தான் கோப்புக்கு. மிச்சத்தின் பெரும்பகுதி கூடுதல் பிழைத்திருத்தத்துக்குப் போகிறது. பாட்டு சிடியில் 2352 பைட்டும் இசைக்கே போய்விடுவதால் அந்தக் கூடுதல் காவல் இல்லை. கீறல் விழுந்த இடத்தை டிரைவ் படிக்க முடியாமல் திணறினால், பக்கத்து மாதிரிகளைப் பார்த்து இடைப்பட்டதை ஊகித்து நிரப்பிவிடும், எச்சரிக்கையும் வராது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, எக்ஸ்எல்டி, விப்பர் போன்ற மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதோடு, அக்யுரேட்ரிப் தரவுத்தளத்தில் அதே சிடியை எடுத்த மற்றவர்களின் செக்சம்மோடு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டும் சொல்லும். நூறு சிடியை அவசரமாக எடுத்து, சிடியைக் கொடுத்தும் விட்டு, பிறகு ஒரு பாட்டின் நடுவில் 'டிக்' சத்தம் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

ஃப்ளாக்கில் 0 முதல் 8 வரை அழுத்த நிலைகள் உண்டு. அவை மாற்றுவது கோப்பின் அளவையும் அழுத்த ஆகும் நேரத்தையும் மட்டுமே. 8ஆம் நிலையில் ஒலி மோசமாகிவிடும் என்பது வெறும் பயம். இயல்பாக இருக்கும் 5 போதும்.

சரி, அந்த 24 பிட் கேள்விக்கே வருவோம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பதிவு, அழுத்துவதற்கு முன் சிடி தரத்தைவிட ஆறரை மடங்கு பெரியது. பதிவுக்கூடத்தில் ஒலிக்கலவை செய்பவர்களுக்கு அந்த இடைவெளி தேவை. வீட்டில் கேட்பவருக்கு 16 பிட் தரும் 96 டெசிபெல் வீச்சே, சுற்றுப்புறச் சத்தத்தைக் கழித்தால், மிச்சம்தான். ஒரு ஆல்பத்தின் 24 பிட் வெளியீடு தனியாக நன்றாக மாஸ்டர் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பு) செய்யப்பட்டிருந்தால் வாங்குங்கள், அதில் தவறில்லை. எண் பெரியது என்பதற்காக மட்டும் இருப்பதை எல்லாம் மாற்றப் போகிறீர்கள் என்றால், என் கட்சி இதுதான்: அந்தக் காசில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு என்றே இரண்டு குழிகள் இருக்கின்றன. லினக்ஸ் அடிப்படையிலான நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) ஒரு கோப்புப் பெயர் பொதுவாக 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 3 பைட். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் கணக்கு. ஆக 85 குறிகளோடு சரி. படப் பெயர், பாடகர்கள், பல்லவி என்று அத்தனையையும் கோப்புப் பெயரில் திணித்தால் நகலெடுக்கும்போது அந்தக் கோப்பு மட்டும் விடுபடும், ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவில் அது கண்ணிலும் படாது. இரண்டாவது, 'ோ' என்ற துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், 'ே', 'ா' என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து நாஸுக்கு நகலெடுத்து, பிறகு விண்டோஸிலிருந்தும் நகலெடுத்தால், ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கோப்புப் பெயரைச் சுருக்கமாக வையுங்கள். விவரம் எல்லாம் டேகுக்குள் (கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பு) போகட்டும். அப்புறம், ஒரு பாடகரின் பெயரை இனிஷியலோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை எழுதினால் பிளேயர் அவரை இரண்டு ஆளாக்கிவிடும். பலர் பாடிய தொகுப்புகளில் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இடத்தைக் காலியாக விட்டால் ஒரே ஆல்பம் பத்தாக உடையும்.

இனி சேமிப்பு. ஒரு மணி நேர சிடி ஃப்ளாக்கில் 300 முதல் 400 எம்பி வரை வரும். 1 டிபியில் 2500க்கு மேல் ஆல்பம் அடங்கும். இசைக்கு மட்டும் என்றால் பெரிய டிஸ்க் தேவைப்படுவதே இல்லை. வீடியோவையும் சேர்க்கும்போதுதான் இடம் போகிறது. 4 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 3.63 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) போட்டுவிட்டால் பேக்கப் முடிந்தது என்று நினைப்பதுதான் இந்தப் பட்டியலிலேயே பெரிய தவறு. ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் செத்தாலும் நாஸ் ஓடிக்கொண்டிருக்கும், அதன் வேலை அதுதான். தவறுதலாக அழித்த ஃபோல்டரை எல்லா டிஸ்க்கிலிருந்தும் ஒரே நேரத்தில் அழிப்பதும் அதே ரெய்டுதான். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தாலும் மின்னழுத்தம் எகிறி முழுப் பெட்டியும் போனாலும் அது கைகொடுக்காது. செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிதைப் போட்டால் மறுகட்டமைப்பு நடக்கும். 8 டிபியை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதவே ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் மிச்ச டிஸ்க்குகள் முழு மூச்சாக ஓடுகின்றன. அவற்றில் ஒன்றும் போனால் எல்லாமே போச்சு. இதில், தடங்களை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க் இருந்தால் நேரம் இன்னும் பல மடங்கு நீளும். நாஸுக்கு வாங்கும்போது, தடங்களைத் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர்தானா என்று விவரக்குறிப்பில் பார்த்து வாங்குங்கள்.

சிங்க் செய்வதும் பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய நிலைகளை வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட் அல்லது வெர்ஷன் வசதி உள்ள மென்பொருள் வேண்டும். பிரதி மூன்று, இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 முறை பழையது என்றாலும் இதைவிட எளிதாக ஒன்று இல்லை. அந்த வேறு இடத்துப் பிரதிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரமே இல்லாமல் நீண்ட காலம் அலமாரியில் கிடந்தால் அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் கசியும்.

பேக்கப் எடுப்பவர்களும் தவறவிடுவது ஒன்று உண்டு: கெட்டுப்போன கோப்பையே உண்மையாக நகலெடுத்துக்கொண்டிருப்பது. டிஸ்க்கில் ஒரு பிட் மாறினால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஃப்ளாக்கில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு. அழுத்துவதற்கு முந்தைய இசையின் எம்டி5 கையெழுத்து (ஒரு வகை செக்சம்) கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கும். ஃப்ளாக் மென்பொருளின் சோதனைக் கட்டளை கோப்பை முழுதாக விரித்து அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடும். டேகை எத்தனை முறை திருத்தினாலும் அந்தக் கையெழுத்து மாறாது, ஏனென்றால் அது இசைக்கு மட்டுமே உரியது. நாஸில் இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறை இருந்தால் மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓடும்படி அமையுங்கள். வீடியோ, படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது பார்த்துக்கொள்ளும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து ஒரு ஆல்பத்தை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள். பாட்டு ஓடுகிறதா, டேக், அட்டைப் படம் எல்லாம் வருகிறதா என்று சோதியுங்கள். என்கிரிப்ட் செய்த பேக்கப் என்றால், அதன் கடவுச்சொல் அந்த நாஸுக்குள் மட்டும் இருக்கக் கூடாது.